யேகோவா, யாவே, யஹ்வே: எபிரேயத்தில் உண்மையில் எழுதியிருப்பது எது?

கிணற்றடி கேட்டது:

பழைய தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 6:3-ல் "யேகோவா என்னும் என் நாமத்தினால்" என்று வருகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் "கர்த்தர்". கத்தோலிக்கரின் திருவிவிலியத்தைத் திறந்தால் "ஆண்டவர்". ஆய்வுக் கட்டுரைகளில் "யாவே" அல்லது "யஹ்வே". மூலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், நான்கு எழுத்துதான் என்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். அச்சிட்ட எபிரேய வேதத்தில் அந்தச் சொல்லுக்கும் உயிர்க்குறிகள் போட்டுத்தானே இருக்கிறது? குறியைப் பார்த்து வாசித்தால் "யெஹோவா" என்றுதான் வருகிறது. பிறகு உச்சரிப்பு தொலைந்துவிட்டது என்று ஏன் சொல்ல வேண்டும்? "யாவே" என்பதற்கு ஆதாரம் என்ன? பெயர் எங்கிருந்து வந்தது, "இருக்கிறவர்" என்ற பொருள் நிற்குமா? கூடவே, அந்த நான்கு எழுத்தும் மூச்சு இழுத்து விடும் ஓசைதான் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதில் ஏதாவது உண்டா?

ஒற்றுப்புள்ளி:

உயிர்க்குறிக் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். குழப்பத்தின் வேர் அங்கேதான்.

எழுத்துகள் வலமிருந்து இடமாக யோத், ஹே, வாவ், ஹே. இவை மெய்கள். எபிரேயம் முதலில் மெய்களை மட்டுமே எழுதிய மொழி. கீழும் மேலும் நீங்கள் பார்க்கிற குறிகளைத் திபேரியா ஊர் மசோரெத்தியர்கள் (வேதப் படிகளைக் காத்த யூத அறிஞர்கள்) ஏறத்தாழ கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் சேர்த்தார்கள். அதற்கு முன் வாசித்தவர்களின் நிலை நம் ஓலைச்சுவடி வாசிப்பவரின் நிலைதான். புள்ளியும் கிடையாது, எகர ஏகார வேறுபாடும் கிடையாது. எழுத்து கண்ணில், ஓசை நினைவில்.

மசோரெத்தியர் வேலையைத் தொடங்கியபோது இந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் நின்று பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. வாசிப்பவர் அந்த இடத்தில் "அதோனாய்" (என் ஆண்டவர்) என்று சொல்வார். ஆனால் மசோரெத்தியர் மெய்யெழுத்தில் கைவைக்க மாட்டார்கள். எழுதியிருப்பது ஒன்று, வாசிக்க வேண்டியது வேறொன்று என்றால், எழுதியதை அப்படியே விட்டு, வாசிக்க வேண்டிய சொல்லின் உயிர்க்குறிகளை அதன்மேல் போட்டு, அதன் மெய்களை ஓரத்தில் எழுதுவார்கள். எழுதியது "கெதீவ்", வாசிப்பது "கெரே". இந்தப் பெயர் 6,800 தடவைக்கு மேல் வருகிறது (6,823 என்றும் 6,828 என்றும் இரண்டு கணக்கு உண்டு). அத்தனை தடவையும் ஓரக்குறிப்புப் போடவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள். கடைச் சீட்டில் ௹ என்ற கீறலைப் பார்த்ததும் யாரும் சொல்லித்தராமலே வாய் "ரூபாய்" என்கிறது அல்லவா, அதே மாதிரி.

தமிழில் செய்து காட்டினால் உடனே பிடிபடும். "முருகன்" என்று எழுதியிருக்கிறது, ஆனால் மரியாதைக்காக "ஆண்டவன்" என்றே வாசிக்க வேண்டும் என்று வையுங்கள். முருகனின் மெய்கள் ம், ர், க், ன். ஆண்டவனின் உயிர்கள் ஆ, அ, அ. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தாளில் "மாரகன்" என்று தெரியும். வழக்கம் தெரிந்தவர் அதைப் பார்த்து "ஆண்டவன்" என்பார். வழக்கம் தெரியாத வெளியூர்க்காரர் "மாரகன் என்று இவர்களுக்கு ஒரு சாமி" என்று குறித்துக்கொண்டு போவார். யேகோவா பிறந்த கதை இதுதான்.

இனி குறி குறியாக. "அதோனாய்" என்பதில் ஆலெப்பின் கீழ் "ஹதேப் பதாஹ்" என்ற அரை அகரம், தாலெத்தின் மேல் "ஹோலெம்" (ஓ), நூனின் கீழ் "கமத்ஸ்" (ஆ). ஆலெப் தொண்டையெழுத்து என்பதால் அதற்கு அரை அகரம் வேண்டியிருக்கிறது. யோத் தொண்டையெழுத்து இல்லை, அதற்கு வெறும் "ஷ்வா" போதும். ஷ்வா என்பது எகரம் போல ஒலிக்கும் மிகக் குறுகிய ஓசை. ஆக யோத்தின் கீழ் ஷ்வா, அடுத்து ஓ, அடுத்து ஆ: யெ-ஹோ-வா.

இந்தக் குறிகள் அதோனாய்க்கு உரியவை என்பது ஊகம் இல்லை, இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது.

ஆதியாகமம் 15:2-ல் "அதோனாய்" என்ற சொல்லே முன்னால் நிற்க, பின்னால் நான்கெழுத்து வருகிறது. அங்கேயும் அதோனாய் என்று வாசித்தால் "ஆண்டவர் ஆண்டவர்" என்று இரட்டிக்கும். அதனால் அப்படிப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் இடங்களில் "எலோஹிம்" என்று வாசிப்பார்கள். குறியும் உடனே மாறிவிடுகிறது, கடைசி உயிர் ஆ போய் இ வருகிறது. சொந்தக் குறியாக இருந்தால் பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஏன் மாற வேண்டும்?

அடுத்தது எனக்குப் பிடித்தது. எபிரேயத்தில் "இருந்து" என்பதற்கு "மின்" என்ற முன்னொட்டு. யோத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் அது "மி" என்று நிற்கும். ஆலெப் போன்ற தொண்டையெழுத்துக்கு முன் "மே" என்று நீளும். ஆதியாகமம் 18:14-ல் ("கர்த்தரால் ஆகாத காரியம் உண்டோ") நான்கெழுத்துக்கு முன் நிற்பது "மே". கண்ணுக்கு யோத் தெரிகிறது, குறி போட்டவரின் காதில் ஆலெப் கேட்டிருக்கிறது.

மூன்றாவது, உயிரில் முடியும் சொல் இடைவெளி விடாமல் அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒலித்தால், அந்த அடுத்த சொல்லின் தொடக்கத்தில் உள்ள பேத், கிமெல், தாலெத், காப், பே, தாவ் ஆகிய ஆறும் தம் உள்புள்ளியை இழந்து மெலியும். "யெஹோவா" உயிரில் முடிகிறது, ஆகவே பின்வருவது மெலிய வேண்டும். மெலிவதில்லை. "அதோனாய்" மெய் யகரத்தில் முடிவதால்தான் புள்ளி நிற்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். முழு எபிரேய வேதத்துக்கும் இன்று கையில் உள்ள மிகப் பழைய முழுப்பிரதி லெனின்கிராத் சுவடி, கி.பி. 1008-ஐ ஒட்டியது. அதில் பெரும்பாலான இடங்களில் அந்த ஓகாரக் குறியே கிடையாது. ஆதியாகமம் 2:4-ல் இல்லை, 3:14-ல் இருக்கிறது. ஓகாரம் இல்லாத வடிவத்தை அப்படியே படிக்க முயன்றால் "யெஹ்வா" என்று வரும். அது "அந்தப் பெயர்" என்று பொருள்படும் "ஷெமா" என்ற அரமேயச் சொல்லின் குறியாகலாம் என்பது ஒரு கருத்து. எப்படியானாலும் யேகோவா அதில் இல்லை.

சுடுமண்:

ஒற்றுப்புள்ளி ஐயா குறிகளை உதறிவிட்டார். எஞ்சியது நான்கு மெய். அவற்றுக்குள் எந்த உயிரை வைப்பது என்பதற்கு வெளிச்சாட்சிகள்தான் வழி. எல்லாம் ஒரே எடை கொண்டவை இல்லை, அதனால் தரம் பிரித்தே சொல்கிறேன்.

முதல் அசை "ய" என்பது உறுதி. "அல்லேலூயா"வின் கடைசியில் நிற்கும் "யா" இந்தப் பெயரின் சுருக்கம்தான். வேதத்தில் அது தனிச்சொல்லாகவும் வரும்; அப்போது கடைசி ஹே எழுத்தின் நடுவில் "மப்பீக்" என்ற புள்ளி இருக்கும். இந்த ஹ் வெறும் நீட்டல் குறி அல்ல, ஒலிக்க வேண்டிய மெய் என்று அதற்கு அர்த்தம். ஆட்பெயர்களின் கடைசியிலும் அதே ஓசை: எலியா, ஏசாயா, எரேமியா எல்லாம் எபிரேயத்தில் எலியாஹு, யெஷாயாஹு, யிர்மெயாஹு. அண்டை நாட்டார் காதுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. கி.மு. 701 படையெடுப்பைச் சொல்லும் அசீரிய மன்னன் சனகெரிபின் களிமண் பட்டகத்தில் யூதா மன்னன் எசேக்கியா "ஹசகியாவு". பாபிலோனில் கிடைத்த எண்ணெய்ப் படிக் கணக்குப் பலகைகளில் சிறைப்பட்ட யூதா மன்னன் யோயாக்கீன் "யாவு-கீனு".

இரண்டாவது அசைக்குக் கிரேக்கர்களிடம் போக வேண்டும். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, கி.பி. 200-ஐ ஒட்டி, "யாவுவே" என்கிற மாதிரி எழுதினார். படிக்குப் படி எழுத்து கொஞ்சம் மாறும். 5-ஆம் நூற்றாண்டில் ஆயர் தெயொதொரேத்து, சமாரியர் "யாபே" என்று சொல்கிறார்கள் என்று குறித்தார். "பே"யைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் காலக் கிரேக்கத்தில் பீட்டா எழுத்து ஏற்கெனவே வகரம் போல ஒலித்தது, ஆகவே "யாவே". ஆயர் எபிபானியுவும் அதே வடிவத்தைத் தருகிறார். கிரேக்க எழுத்தில் ஹகரத்தைச் சொல்லின் நடுவே காட்ட வழியில்லை, அதனால்தான் ஹ் விடுபடுகிறது. எழுத்தில் இல்லை என்பதால் ஓசையில் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இரண்டையும் வினை வடிவத்தோடு சேர்த்தால் "யஹ்வே" வருகிறது. எபிரேயத்தில் "இரு" என்ற வேரிலிருந்து வரும் படர்க்கை ஆண்பால் வினை -எ என்ற உயிரில் முடிந்து, ஹே எழுத்தால் எழுதப்படும். கிளமெந்தின் கடைசி உயிரும் தெயொதொரேத்தின் கடைசி உயிரும் அதோடு பொருந்துகின்றன. முதல் அசை உறுதி, இரண்டாவது அசை வலுவான ஊகம். அதற்கு மேல் அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

ஒரு பொறி: "யாவோ" என்ற வடிவம் இன்னும் பழைய கிரேக்கச் சாட்சி. கி.மு. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியொதோரு சிகுலு அப்படித்தான் எழுதுகிறார். சவக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த லேவியராகமக் கிரேக்கப் பாப்பிரசிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "யாவோ" இருக்கிறது. எகிப்தின் எலெபந்தினித் தீவில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் இருந்த யூதப் படைக்குடியிருப்பின் அரமேயக் கடிதங்களில் மூன்றே எழுத்து: ய், ஹ், வ். வாசிப்பு "யாஹு" அல்லது "யாஹோ". ஆக நான்கெழுத்து வடிவமும் மூன்றெழுத்து வடிவமும் வெவ்வேறு வட்டங்களில் புழங்கின. "யாவோ"வைக் காட்டி "யஹ்வே தப்பு" என்பவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒரு வேடிக்கை. கிரேக்க மொழிபெயர்ப்பின் சில பழைய பிரதிகளில் இந்த ஒரு சொல்லை மட்டும் எபிரேய எழுத்திலேயே விட்டுவைத்தார்கள். நாகல் ஹேவேர் குகையில் கிடைத்த தீர்க்கதரிசிகள் சுருளில் முழுதும் கிரேக்கம், பெயர் மட்டும் இன்னும் பழைய எபிரேயக் கீறல்களில். பிற்காலத்தில் எபிரேயம் அறியாத கிரேக்கர்கள் சதுர எழுத்தில் இருந்த நான்கெழுத்தைப் பார்த்து, இடமிருந்து வலமாக, தங்கள் பை, இயோத்தா, பை, இயோத்தா என்று எண்ணிப் "பிப்பி" என்று வாசித்தார்கள். எரோனிமு (ஜெரோம்) இதைக் கடிதம் ஒன்றில் சொல்லிச் சலித்துக்கொள்கிறார். எழுத்து கச்சிதமாகக் காப்பாற்றப்பட்டது. வாசிப்பு எங்கே போய் நின்றது பாருங்கள்.

கிணற்றடி:

நன்றி. முருகன் உதாரணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு துணைக் கேள்வி. எப்போது சொல்வதை நிறுத்தினார்கள்? அப்புறம், பெயரின் பொருளும் ஊரும்?

ஓலைக்கட்டு:

நிறுத்தியது ஒரே நாளில் இல்லை. யூதாவின் லாகீசு நகரில் கிடைத்த கி.மு. 6-ஆம் நூற்றாண்டு தொடக்கத்து ஓட்டுச்சில்லுக் கடிதங்களில் படைக்காரர்கள் சாதாரண நலவிசாரிப்பிலேயே இந்தப் பெயரை எழுதுகிறார்கள். "யஹ்வே என் ஆண்டவனுக்கு (மேலதிகாரிக்கு) நல்ல செய்தி கேட்கச் செய்வாராக" என்கிற பாணி. அப்போது தடை ஏதும் இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வேதம் கிரேக்க மொழிக்குப் போனபோது லேவியராகமம் 24:16-ல் மாற்றம் தெரிகிறது. எபிரேயத்தில் பெயரை "நிந்திக்கிறவன்" என்று கொள்ளத்தக்க வினை. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் பெயரைச் "சொல்கிறவன்" என்று பெயர்த்தார்கள். அந்த வினைக்கு இரண்டு பொருளும் உண்டு என்பதுதான் வசதி.

கும்ரான் சுருள்களில் எழுதும்போதே கை கூசுகிறது. சிலர் பெயரை மட்டும் தொல்லெபிரேய எழுத்துக்கு மாற்றினார்கள். சமூக ஒழுங்குச் சுருளில் ஏசாயா 40:3 வரும் இடத்தில் பெயருக்குப் பதில் நான்கு புள்ளி. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறபடி, எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வாதம் கூறும்போது பெயரை எழுதியபடி சொல்வார்கள், வெளியூரில் மாற்றுச் சொல். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியர் வாயிலிருந்து கேட்டதும் மக்கள் தரையில் விழுவார்கள். கி.பி. 70-ல் ஆலயம் இடிந்தது. சொல்லும் இடமும் அதோடு போயிற்று. பெயரை எழுத்துப்படி உச்சரிப்பவனுக்கு வரும் உலகத்தில் பங்கில்லை என்று அபா சாவூல் என்ற ரபி சொன்னதாக அதே மிஷ்னாவில் உண்டு. கணவர் பெயரைச் சொல்லாத பாட்டிகளை அறிந்த நமக்கு இந்தக் கூச்சம் புரியாததல்ல. பின்னாளில் "அதோனாய்" என்பதும் வழிபாட்டுக்கு மட்டும் என்றாகி, பேச்சில் "ஹஷேம்", அதாவது "அந்தப் பெயர்". பதிலிக்கும் ஒரு பதிலி.

இனிப் பொருள். யாத்திராகமம் 3:14-ல் "ஏஹ்யே அஷேர் ஏஹ்யே". பழைய தமிழில் "இருக்கிறவராக இருக்கிறேன்". இரண்டு வசனம் மேலே, 3:12-ல், அதே "ஏஹ்யே" வருகிறது. அங்கே தமிழ் "நான் உன்னோடே இருப்பேன்". ஒரே சொல், ஓரிடத்தில் எதிர்காலம், ஓரிடத்தில் நிகழ்காலம். எபிரேய வினை முடிவுறாத செயலைக் காட்டும். காலம் சூழலில் இருந்து வரும். 12-ஆம் வசனத்தை வைத்துப் பார்த்தால் 14-ஆம் வசனம் "நான் எப்படி இருப்பேனோ அப்படி இருப்பேன்" என்கிற உறுதிமொழியாகவும் படும். கிரேக்க மொழிபெயர்ப்புதான் அதை "இருக்கிறவர் நானே" என்று தத்துவப் பக்கம் திருப்பியது. தமிழ் அந்தக் கிளையில் வந்தது.

தன்மையில் ஏஹ்யே, "இருப்பேன்"; படர்க்கையில் யஹ்வே, "இருப்பார்". கதை தரும் விளக்கம் இதுவே. ஆனால் சிக்கல் உண்டு. சாதாரண எபிரேயத்தில் "இருப்பார்" என்பது "யிஹ்யே": நடுவில் யோத், முதல் உயிர் இகரம். பெயரிலோ வாவ், முதல் உயிர் அகரம். வாவ் பழமையின் அடையாளம். ஆதியாகமம் 27:29-ல் ஈசாக்கின் ஆசீர்வாதத்தில் அந்த வேரே வாவுடன் ஒருமுறை தலைகாட்டுகிறது. அகரத்துக்கு இரண்டு விளக்கம். ஒன்று, அது பழைய முன்னொட்டின் உயிர். மற்றது, அது பிறவினை, "இருக்கச் செய்கிறவர், உண்டாக்குகிறவர்". ஆய்வாளர்கள் ஆல்பிரைட்டும் கிராசும் இதை ஆதரித்தார்கள். தடை என்னவென்றால், அந்த வேருக்குப் பிறவினை எபிரேயத்தில் வேறெங்குமே கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பிறவினை ஒட்டவில்லை. அரபியின் "ஹ-வ-ய" (வீசு, விழு) வேரைக் காட்டிப் புயல் தெய்வம் என்பவரும் உண்டு. நியாயாதிபதிகள் 5:4-ல் பூமி அதிர்ந்து மேகம் தண்ணீர் பொழியும் காட்சி அவர்களுக்குத் துணை.

அதே வசனம் ஊரையும் சொல்கிறது: சேயீர், ஏதோம். உபாகமம் 33:2-ல் சீனாய், சேயீர், பாரான். ஆபகூக் 3:3-ல் தேமான், பாரான். எல்லாம் கானானுக்குத் தெற்கே. நூபியாவில், இன்றைய சூடானில், சோலெப் என்ற ஊரில் மூன்றாம் அமென்ஹோதெப் (கி.மு. 14-ஆம் நூற்றாண்டு) கட்டிய கோயிலில் "ஷாசு நிலம், ய்-ஹ்-வ்" என்று ஒரு பட்டியல் வரி (ஷாசு என்பவர் நாடோடி மக்கள்). அதில் இது இடப்பெயர், தெய்வப்பெயர் இல்லை. ஆனாலும் ஆய்வாளர்கள் இதைத் தெற்குத் திசையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். மோசேயின் மாமன் எத்திரோ மீதியானின் ஆசாரியன் என்பதையும் சேர்த்து, பெயர் மீதியானியர் வழியாக வந்தது என்ற கருதுகோள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். திசைச் சான்று மட்டும் நல்ல வலுவாக இருக்கிறது.

தெய்வப்பெயராக ஐயமின்றிக் கிடைக்கும் மிகப் பழைய வேதத்துக்கு வெளிச்சான்று மோவாபியருடையது. 1868-ல் தீபானில் கண்டெடுத்து இப்போது லூவரில் இருக்கும், மோவாப் மன்னன் மேசாவின் கல்வெட்டு, கி.மு. 840 சுமார். இஸ்ரவேலரிடம் "யஹ்வேயின் பாத்திரங்களை"ப் பறித்துத் தன் தெய்வம் கேமோசுக்கு முன் கொண்டுவந்ததாக மன்னன் பெருமையடிக்கிறான். நான்கெழுத்தும் முழுதாக இருக்கின்றன. பகைவன் கல்லில் வெட்டியது, பக்தர் திருத்திய ஏடு இல்லை. அதனால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. கி.மு. 800 வாக்கில் சீனாய்ப் பக்கம் குந்தில்லேத் அஜ்ரூதின் சாடிகளிலும் சுவரிலும் "சமாரியாவின் யஹ்வே", "தேமானின் யஹ்வே". எருசலேமின் கேதேப் ஹின்னோம் கல்லறையில் 1979-ல் எடுத்த இரண்டு வெள்ளித் தகட்டுச் சுருளில் எண்ணாகமம் 6-ன் ஆசீர்வாதம் இந்தப் பெயரோடு.

மூச்சோசை விவகாரம்: பழைய எபிரேய நூல் எதிலும் அப்படி ஒரு விளக்கம் கிடையாது. யோத்தும் வாவும் நம் இலக்கணப்படி இடையின யகர வகரங்கள்; நாவும் உதடும் வேலை செய்யாமல் வெறும் மூச்சில் வரா. ரிக்வேதத்தின் "யஹ்வ" என்ற சொல்லோடு இணைத்து, திலகரே ஒரு கட்டுரையில் வாதாடினார். ஓசை ஒற்றுமைக்கு மேல் அதில் வரலாற்றுத் தொடர்பு இல்லை. ரோமரின் ஜூபிதரோடு (ஜோவ்) இணைப்பதும் அப்படியே. அது "தியௌஸ்" வேரில் பிறந்த இந்தோ-ஐரோப்பியச் சொல்.

வடக்குத்தெரு:

எல்லாம் சரி, ஆனால் யெஹோவாவை இவ்வளவு சுலபமாகத் தள்ளலாமா? யெஹோசுவா, யெஹோசபாத், யெஹோயாக்கீன் என்று பெயர்களின் முன்பகுதியில் "யெஹோ" என்றுதானே வருகிறது? அது அதோனாயிடமிருந்து கடன் வாங்கியது இல்லையே. மேலும் ஓகாரக் குறியோடு முழுதாக எழுதிய பிரதிகள் ஏராளம் உண்டு.

ஒற்றுப்புள்ளி:

நல்ல கேள்வி, பாதி நியாயமும் இருக்கிறது. "யெஹோ" சொந்த உயிர்தான். ஆனால் அது சொல்லின் தலையில் நிற்கும்போது மட்டும் வரும் வடிவம். எபிரேயத்தில் அழுத்தம் பெரும்பாலும் கடைசி அசையில் விழும். அழுத்தத்திலிருந்து தள்ளி நிற்கும் உயிர் பல சமயம் தேய்ந்து ஷ்வாவாகும். "தாவார்" (சொல்) பன்மையில் "தெவாரிம்" ஆவது அப்படி. அதே தேய்வில் தலையில் நின்ற "யாஹு" "யெஹோ" ஆயிற்று, இன்னும் தேய்ந்து "யோ" (யோனத்தான், யோவேல்). வால் பக்கம் அழுத்தத்தின் அருகில் நின்றபோது தேயவில்லை, -யாஹு என்றே இருந்தது. தேய்ந்த பாதியை எடுத்துக்கொண்டு தேயாத முழுச்சொல்லின் ஓசையைக் கட்ட முடியாது. தனிச்சொல்லாக வரும் "யா"வும் அகரத்தின் பக்கம்தான்.

பிரதிகளின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது. அவை எல்லாம் மசோரெத்திய மரபின் பிள்ளைகள். அதோனாயின் குறியை முழுதாகப் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அவை எதையும் நிறுவா. அந்த "மே" முன்னொட்டுக்கும் எலோஹிம் குறிக்கும் விடை சொன்ன பிறகு பிரதிகளை எண்ணலாம்.

கலவை வடிவம் ஏட்டில் ஏறிய வழியும் தெரிந்ததுதான். 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தொமினிக்கர் ரைமுந்து மார்த்தினியின் இலத்தீன் நூலில் தலைகாட்டி, 1518-ல் கலத்தீனு என்பவரின் நூல் வழியாகப் பரவி, 1530-ல் திண்டேல் மொழிபெயர்த்த ஆங்கில ஐந்தாகமங்களில் யாத்திராகமம் 6:3-க்குள் வந்து, 1611-ன் ஆங்கில வேதத்தில் தனிப்பெயராக நாலே இடத்தில் தங்கியது: யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18, ஏசாயா 12:2, 26:4. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து அந்த நாலு வசனத்தையும் பாருங்கள், நாலிலும் "யேகோவா" இருக்கும். கூடவே யேகோவாயீரே என்ற இடப்பெயர், யேகோவாநிசி என்ற பலிபீடப் பெயர் போன்றவை. மூலத்தில் 6,800 இடத்திலும் ஒரே சொல். நாலு இடத்துக்கு மட்டும் தனி மரியாதை ஏன் என்றால், காரணம் எபிரேயத்தில் இல்லை.

அச்சுக்கூடம்:

எழுத்துமுறை பற்றி மட்டும் ஒரு வார்த்தை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு உதவும்.

"யாவே" என்று எழுதினால் ஹ் போய்விடுகிறது, முதல் உயிரும் தேவையில்லாமல் நீள்கிறது. "யாஹ்வே"யில் நீட்டம் மட்டும் மிச்சத் தப்பு. எபிரேய அசை குறில் என்பதால் "யஹ்வே" நெருக்கமானது, அழுத்தம் "வே"யில். கிரந்தம் வேண்டாம் என்பவர் "யகுவே" என்று எழுதுவதுண்டு. அதில் இல்லாத உகரம் நுழைந்து இரண்டு அசை மூன்றாகிவிடும். "யேகோவா"வில் ககரம் தப்பில்லை, உயிர்களுக்கு நடுவே நம் ககரம் ஹகரத்தின் பக்கம் மெலியக்கூடியதுதான். தப்பு ஏகாரத்தில்: மூலத்தில் அது ஷ்வா, எகரத்தைவிடவும் குறுகியது.

இதைவிடப் பெரிய தடுக்கல் "ஆண்டவர்" என்ற சொல். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் என்றால் நான்கெழுத்து, ஆண்டவர் என்றால் அதோனாய், "கர்த்தராகிய ஆண்டவர்" என்றால் இரண்டும் சேர்ந்தது, "தேவனாகிய கர்த்தர்" என்றால் நான்கெழுத்தும் எலோஹிமும். திருவிவிலியத்தில் நான்கெழுத்துக்கே "ஆண்டவர்". இரண்டு பதிப்பிலிருந்தும் கலந்து மேற்கோள் காட்டினால் வாசகர் ஆண்டவர் எல்லாம் ஒன்று என்று எண்ணிக்கொள்வார். ஐயம் வந்தால் ஸ்ட்ராங் எண்ணை (வேதத்தின் மூலச்சொற்களுக்கு ஸ்ட்ராங் அகராதி இட்ட வரிசை எண்) பாருங்கள்: 3068 நான்கெழுத்து, 3069 அதே சொல் எலோஹிம் குறியோடு, 3050 "யா", 136 அதோனாய்.

சோதித்துப் பார்க்க நல்ல வசனம் சங்கீதம் 110:1. பழைய தமிழில் "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி". முதல் சொல் நான்கெழுத்து; இரண்டாவது "அதோனி", மனித எசமானையும் அழைக்கும் சொல். புதிய ஏற்பாட்டில் மத்தேயு 22:44 இதை மேற்கோள் காட்டும்போது கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் "கூரியோஸ்" என்ற ஒரே சொல்தான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சங்கீதத்தைப் பார்த்து அங்கேயும் கர்த்தர், ஆண்டவர் என்று பிரித்தே வைத்தார்கள்.